ஒரு குழாய், பல வாய்கள்: மீன்தொட்டிப் பகிர்குழாயின் வரலாறு

வரலாறு என்றவுடன் கோயில்களும் கல்வெட்டுகளும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டு மீன்தொட்டியின் கீழே மரப்பெட்டிக்குள் மறைந்து கிடக்கும் பி.வி.சி. குழாய்க்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் நண்பர்கள் புன்னகைக்கக்கூடும். ஆயினும் அந்தக் குழாய்க்குள் இருக்கும் சிக்கல் மிகப் பழையது. ஓரிடத்திலிருந்து வரும் நீரைப் பலருக்கும் அவரவர்க்கு உரிய அளவில் பகிர்ந்தளிப்பது எப்படி? தலைமடை, கடைமடை என்ற இரு சொற்களை வழக்கில் வைத்திருக்கும் நமக்கு இக்கேள்வி புதியதன்று. ரோமாபுரியின் நீர் அதிகாரி ஒருவர் இதனோடு மல்லுக்கட்டிய கதையில் தொடங்கி, வீட்டுத் தொட்டி வரைக்கும் இச்சிக்கலைப் பின்தொடர்ந்து செல்வோம்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர் பலர், காட்சித் தொட்டிக்குக் கீழே மற்றொரு தொட்டியை வைத்திருப்பர். அதனைச் 'சம்ப்' என்பர். மேல்தொட்டியில் நிறைந்து வழியும் நீர் அதில் இறங்கும். வடிகட்டும் வேலை அங்கே நடக்கும். பம்பு அந்நீரை மீண்டும் மேலே அனுப்பும். மேலே செல்லும் அந்தக் குழாயிலேயே வரிசையாக 'டீ' இணைப்புகளைப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு வால்வை வைத்து, கரித்துகள் அடைத்த வடிகலனுக்கு ஒரு கிளை, புற ஊதா விளக்குக்கு ஒரு கிளை, பாசி வளரும் அடைக்கலத் தொட்டிக்கு ஒரு கிளை என்று பிரித்தால் அதுவே 'மேனிஃபோல்டு'. இக்கட்டுரையில் அதனைப் பகிர்குழாய் என்போம். நீர் செல்லும் பெருவழியைத் தாய்க்குழாய் என்றும், பிரிபவற்றைக் கிளைக்குழாய் என்றும் வழங்குவோம்.

ரோமாபுரியின் கணக்கு

கி.பி. 97-ஆம் ஆண்டு நெர்வா என்னும் பேரரசர், செக்ஸ்டஸ் ஜூலியஸ் ஃப்ரான்டினஸ் என்பாரை ரோம் நகரின் நீர் வழங்கலுக்குத் தலைமை அதிகாரியாக அமர்த்தினார். படைத்தலைவராகவும் பிரிட்டனின் ஆளுநராகவும் இருந்த முதியவர் அவர். பதவியேற்றதும் அவர் செய்த வேலை, துறையின் பதிவேடுகளை எடுத்துப் படித்தது. அக்காலத்தில் நகருக்கு ஒன்பது கால்வாய்கள் நீர் கொணர்ந்தன. அவற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது.

ரோமானியரின் முறை இது. கால்வாய் நகரை அடையும் இடத்தில் ஒரு பகிர்வுத் தொட்டி இருக்கும். அதன் சுவரில் வெண்கலத்தாலான சிறு வாய்க்குழல்களைப் பதிப்பர். ஒவ்வொரு வாய்க்குழலும் ஒருவருக்கு வழங்கப்பட்ட நீரின் அளவு. ஈயத்தை விட்டு வெண்கலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஈயம் மெத்தென்றது, அதனைத் தட்டி அகலமாக்கிவிடலாம். வெண்கலம் எளிதில் வளையாது. வாய்க்குழலின் நீளத்துக்கும் விதி உண்டு. அதனை அடுத்து 50 அடி தொலைவு வரை அதே விட்டமுள்ள குழாயையே பொருத்த வேண்டும் என்றும் விதி இருந்தது. ஏன் இத்தனை கட்டுப்பாடு? வாயை அடுத்து அகன்ற குழாயைப் பொருத்தினால் மிகுதியான நீரை இழுத்துக்கொள்ளலாம் என்பதை அந்நாள் குழாய்த் தொழிலாளர் அறிந்திருந்தனர்.

அளவின் அலகு 'குவினாரியா' எனப்பட்டது. அதன் விட்டம் ஒன்றேகால் விரற்கடை. நம் கணக்கில் ஏறத்தாழ 2.3 சென்டிமீட்டர். இன்று மீன்தொட்டிக்காரர் கையாளும் முக்கால் அங்குல, ஒரு அங்குலக் குழாய்களின் அளவுதான் அது.

இங்கேதான் கதை சுவை பெறுகிறது. பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்த ஃப்ரான்டினஸுக்கு ஒரு விந்தை தென்பட்டது. வரவாகக் காட்டப்பட்ட நீர் 12,755 குவினாரியா. பகிர்ந்தளித்ததாகக் காட்டப்பட்டது 14,018 குவினாரியா. வந்ததைவிட 1,263 குவினாரியா மிகுதியாகச் செலவாகியிருக்கிறது! அவர் கால்வாய்களின் தலைப்புக்கே சென்று அளந்தார். அங்கே பதிவேட்டில் உள்ளதைவிட ஏறத்தாழ 10,000 குவினாரியா மிகுதியாக வருவதாகக் கண்டார். நீர்த்துறைப் பணியாளரின் களவே இடைவெளிக்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார்.

களவு நடந்தது உண்மைதான். மறைவாகத் துளையிட்ட குழாய்களை அவரே கண்டுபிடித்து அகற்றினார். ஆனால் அவருடைய அளவுகோலில் ஒரு குறை இருந்தது. குவினாரியா என்பது துளையின் பரப்பு, நீரின் அளவன்று. ஒரே துளையில் மெல்ல ஓடும் நீரும் விரைந்து ஓடும் நீரும் அவர் கணக்கில் ஒன்றே. விரைவு நீரின் அளவைக் கூட்டும் என்பதை அவர் உணர்ந்தே இருந்தார். நீரோட்டத்தை எதிர்கொண்டு நிற்கும் வாய்க்குழல் மிகுதியாகக் கொள்ளும், பக்கவாட்டில் நிற்பது குறைவாகக் கொள்ளும் என்றும், தாழ்வாகப் பதித்த வாய் அதிகம் இழுக்கும், உயரத்தில் பதித்தது குறைவாகப் பெறும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். கண்ணால் கண்டதைக் கணக்கில் கொண்டுவரும் வழிதான் அவர் கையில் இல்லை. அளவையே சரியாக இல்லாதபோது களவு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? பணியாளர் சிலர் தாம் செய்யாத திருட்டுக்கும் பழி சுமந்திருக்கக்கூடும்.

தென் பிரான்சின் நீம் நகரில் இத்தகைய பகிர்வுத் தொட்டி ஒன்று இன்றும் நிற்கிறது. பான் து கார் என்னும் புகழ்பெற்ற பாலத்தின் வழியே வந்த கால்வாய் முடியும் இடம் அது. ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி. அதன் சுவரில் ஒரே மட்டத்தில் பத்து வட்ட வாய்கள். கல்லில் அமைத்த பகிர்குழாய் என்றே அதனைச் சொல்லலாம். வாய்களை ஒரே மட்டத்தில் அமைத்ததிலும், நீரின் விரைவு அடங்கும்படி நடுவே அகன்ற தொட்டியை வைத்ததிலும் அதனைக் கட்டியவரின் பட்டறிவு தெரிகிறது. இவ்விரண்டையும் நினைவில் கொள்வோம். மீன்தொட்டிக்கு வரும்போது இவை மீண்டும் தேவைப்படும்.

விடுபட்ட விரைவு

ஃப்ரான்டினஸ் விட்ட இடத்திலிருந்து கணக்கு முன்னேற ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கலிலியோவின் மாணவரும் துறவியுமான பெனடெட்டோ கஸ்தெல்லி, ஓடும் நீரை அளப்பது பற்றி 1628-இல் ஒரு நூல் வெளியிட்டார். நீரின் அளவு, பரப்பையும் விரைவையும் பெருக்கினால் வருவது என்பதை அந்நூல் நிலைநாட்டியது. 1644-இல் டாரிசெல்லி, தொட்டியின் துளையிலிருந்து பாயும் நீரின் விரைவு மேலே நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது என்று காட்டினார். விரைவு இரு மடங்காக வேண்டுமாயின் உயரம் நான்கு மடங்காக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைஸ்பாக், டார்சி போன்றோர் குழாயின் சுவர் நீரை உராய்ந்து தடுப்பதைக் கணக்கிட வழி கண்டனர்.

இதன் பயனை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். ஓர் அங்குல உள்விட்டமுள்ள குழாய் தரும் நீரை அரை அங்குலக் குழாய்களால் தர வேண்டுமானால் எத்தனை குழாய்கள் தேவை? பரப்பை மட்டும் பார்க்கும் ஃப்ரான்டினஸின் கணக்கில் நான்கு. ஆனால் ஒரே நீளம், ஒரே அழுத்தம் என்று வைத்து உராய்வையும் சேர்த்தால் ஐந்தோ ஆறோ வேண்டியிருக்கும். சிறு குழாயில் சுவரை ஒட்டிச் செல்லும் நீரின் பங்கு அதிகம். ஆகவே தடையும் அதிகம். கடையில் குழாய் வாங்கி வந்து 'நான்கு அரை சேர்ந்தால் ஒன்று' என்று கணக்குப் போடுவோர், இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையான ஒரு பிழையை அறியாமலேயே பின்பற்றுகின்றனர்.

கண்ணாடிக்குள் கடல்

இனி மீன்களிடம் வருவோம். 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கிலேய வேதியியலார் ஓர் ஆய்வை வெளியிட்டார். கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் நத்தைகளையும் சேர்த்து வைத்தால், நீரை மாற்றாமலேயே அவை நெடுநாள் வாழும் என்பது அதன் சாரம். தாவரம் உயிர்வளி தரும். நத்தை அழுகலைத் தின்னும். மீனின் கழிவு தாவரத்துக்கு உரமாகும். 'சமநிலை' என்ற சொல் மீன்தொட்டிக் கலையில் நுழைந்தது இவ்வழியாகத்தான். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' என்ற நூல் வெளிவர, இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளில் மீன்தொட்டி மோகம் பற்றிக்கொண்டது.

ஆனால் தேங்கிய நீரின் சமநிலை நொய்ம்மையானது. ஒரு மீன் செத்தால் போதும், தொட்டி முழுவதும் கெடும். கடலுயிர்களோ இன்னும் மென்மையானவை. நீரை ஓடவிட வேண்டும் என்பதைத் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு. நூல் கட்டும் தொழிலாளியாக இருந்து, மீன்தொட்டிக் கடை வைத்து, அது நொடித்துப் போனபின் ஹாம்பர்க் நகருக்குச் சென்று, அங்கே 1864-இல் திறக்கப்பட்ட மீன் காட்சிச்சாலையைப் பொறுப்பேற்றவர். பின்னர் லண்டன் திரும்பி, 1871-இல் கிரிஸ்டல் பேலஸ் மீன் காட்சிச்சாலையை அமைத்தார். 1874-இல் நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் திறந்த புகழ்பெற்ற ஆய்வுநிலையத்தின் மீன் காட்சிச்சாலையிலும் அவருடைய கைவண்ணம் உண்டு.

லாய்டின் அமைப்பு இன்றைய சம்ப்பின் மூதாதை. காட்சித் தொட்டிகளின் கீழே இருளில் ஒரு பெரும் நீர்த்தேக்கம். தொட்டிகளில் இருப்பதைவிடப் பல மடங்கு நீர் அதில் இருக்கும். நீராவி எந்திரம் பம்பை இயக்கி அந்நீரை ஓயாது மேலேற்றும். மாற்றாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் அதே கடல்நீர் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பது அவர் கொள்கை. உலோகம் கடலுயிர்க்கு நஞ்சு என்பதால் பம்புகளையும் குழாய்களையும் வல்கனைட் என்னும் கெட்டிப்படுத்திய ரப்பரால் செய்வித்தார். இன்றும் கடல்நீர்த் தொட்டியில் பித்தளை வால்வைப் பொருத்தக்கூடாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் நத்தை, இறால், பவளம் முதலியன மடியும்.

அக்காலத்துப் பெரிய அமைப்புகளில் நீர் உயரமான தொட்டியில் விழுந்து, ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து கீழே வருவதும் உண்டு. இம்முறையில் பகிர்வுச் சிக்கலே இல்லை. எல்லாத் தொட்டிக்கும் ஒரே நீர் போகிறது. ஆனால் கடைசித் தொட்டி, தனக்கு முந்தைய அனைவரும் பயன்படுத்திய நீரையே பெறுகிறது. ஒன்றில் நோய் வந்தால் அது நேரே அடுத்ததற்குள் இறங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நீர் தர வேண்டுமாயின் குழாயைக் கிளைவிடச் செய்ய வேண்டும். கிளைவிட்டவுடன் ஃப்ரான்டினஸின் சிக்கல் திரும்பி வந்துவிடுகிறது.

வீட்டுக்கு இது வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். ஜெர்மனியில் 1930களில் பி.வி.சி. குழாய் வந்தது, உப்புநீர் அதனை அரிப்பதில்லை, வீட்டிலேயே அறுத்து ஒட்டலாம். 1961-இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிர்ப்பாறைகளைக் கொண்டு பவளத்தொட்டி வளர்க்கும் முறையை எழுதினார். 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க இதழொன்றில் எழுதிய தொடர் கட்டுரை, தொட்டிக்குக் கீழே வடிகட்டி வைக்கும் முறையைப் பரப்பியது. லாய்டின் நிலத்தடித் தேக்கம் மரப்பெட்டிக்குள் அடங்கிற்று.

பகிர்குழாய் அமைத்தல்

நான்கு கிளைகளையும் ஒரே அளவில் அறுத்து ஒட்டிவிட்டால் நான்கிலும் ஒரே அளவு நீர் வரும் என்று எண்ணுவது இயல்பு. வராது. தாய்க்குழாய் ஒடுங்கியும் நீண்டும் இருந்தால், உராய்வினால் அழுத்தம் போகப் போகக் குறையும். தலைமடை கொழிக்கும், கடைமடை வாடும். மாறாக, தாய்க்குழாய் குறுகிய நீளமுடையதாய் நீர் மிக விரைந்து ஓடினால் நேர்மாறாக நிகழும். முதல் கிளையைக் கடக்கும் நீர் திரும்ப மனமின்றி நேரே ஓடி, மூடிய முனையில் முட்டி விரைவிழக்கும். இழந்த விரைவு அங்கே அழுத்தமாக மாறும். கடைசிக் கிளை மிகுதியாகப் பெறும். பக்கவாட்டு வாய் குறைவாகக் கொள்ளும் என்று ஃப்ரான்டினஸ் கண்டதும் இதுதான்.

இருவகைக் கோணலுக்கும் மருந்து ஒன்றே. தாய்க்குழாயை அகலமாக்கி நீரின் விரைவைத் தணிக்க வேண்டும். தடை அனைத்தையும் கிளைகளின் வால்வுகளில் வைக்க வேண்டும். ஒரு கணக்கு இதனை விளக்கும். முதல் கிளையின் வாயில் 20 சென்டிமீட்டர் நீருயர அழுத்தமும் கடைசியில் 10 சென்டிமீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். டாரிசெல்லியின் விதிப்படி முதல் கிளை கடைசியைவிட 41 விழுக்காடு அதிகம் பெறும். வால்வுகளைச் சற்றே மூடி முதலில் 100, கடைசியில் 90 என்றாக்கினால், அதே 10 சென்டிமீட்டர் வேறுபாடு வெறும் 5 விழுக்காடாகச் சுருங்கிவிடும். எல்லா வாய்களும் அகலத் திறந்திருக்கும்போது இடத்தால் வலிமை பெற்றது எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வாயிலும் தக்க தடை இருக்கும்போதுதான் பகிர்வு என்பதே உண்டாகிறது.

ஆகவே தாய்க்குழாய் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இருக்கட்டும். கிளைகள் அரை அங்குலம் போதும். மிகுதி நீர் செல்லும் முதன்மைக் கிளை, காட்சித் தொட்டிக்குத் திரும்பட்டும். முனையை எண்ட் கேப் கொண்டு மூடி, பின்னாளில் மேலும் ஒரு கிளை சேர்க்க இடம் விடுவது நல்லது. பால் வால்வு கால்சுற்றில் முழுதும் மூடிவிடும்; ஆதலால் நுண்ணிய திருத்தத்துக்கு ஆகாது. பல சுற்றுத் திருகும் கேட் வால்வே கிளைக்கு ஏற்றது. உட்பாகங்களில் உலோகம் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். கிளைதோறும் ஒரு யூனியன் இருந்தால், அடைப்பு வரும்போது குழாயை அறுக்காமல் கழற்றலாம். பம்பு நீரை உறிஞ்சும் பக்கத்தில் வால்வைத் திருகி ஒடுக்குவது பம்பைக் கெடுக்கும். ஒடுக்குவதெல்லாம் வெளியேறும் பக்கத்திலேயே நிகழ வேண்டும்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். மேலே நீருக்குள் மூழ்கியிருக்கும் குழாய்வாய் அப்போது நீரைத் தலைகீழாக இழுத்துச் சம்ப்பில் இறக்கும். குழாய்வாயை நீர்மட்டத்தை ஒட்டி அமைக்க வேண்டும். இறங்கி வரும் நீரை ஏற்கும் அளவுக்குச் சம்ப்பில் எப்போதும் வெற்றிடம் இருக்க வேண்டும். பம்பை நிறுத்திச் சோதித்துப் பார்க்காத அமைப்பு, முதல் மின்வெட்டு நாளில் வீட்டுத் தரையை நனைக்கும்.

சமன் செய்தல்

இனி அளத்தல். இதற்கு ஒரு குடுவையும் கடிகாரமும் போதும். மணிக்கு 300 லிட்டர் என்றால் ஒரு லிட்டர் நிறைய 12 நொடி. 600 லிட்டர் என்றால் 6 நொடி. எல்லா வால்வுகளையும் முழுதும் திறந்து, ஒவ்வொரு கிளையையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தேவையைவிட மிக அதிகமாகப் பெறும் கிளையை முதலில் ஒடுக்க வேண்டும். ஒடுக்கியவுடன் அந்நீர் மற்றக் கிளைகளுக்குப் போய் அவற்றின் அளவு கூடும். அடுத்ததைத் திருத்தினால் முன்பு திருத்தியது சற்று மாறும். ஆகையால் ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரண்டு, மூன்று சுற்று வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மாற்றம் சிறுத்துக்கொண்டே போய் ஒரு நிலையில் நிற்கும்.

இது வெறும் கைப்பழக்கம் என்று நினைக்க வேண்டா. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் 1936-இல் வெளியிட்ட முறையின் உயிர்நாடியும் இதுவே. நகரக் குழாய் வலைகளில் நீர் எப்படிப் பிரியும் என்று நேரே கணக்கிடுவது அக்காலத்தில் மிகக் கடினம். அவர் சொன்ன வழி: முதலில் ஓர் ஊகத்தை எழுது, ஒவ்வொரு வளையத்திலும் பிழையைக் கண்டு திருத்து, திருத்தம் அடுத்த வளையத்தைக் கலைக்கும், அதனையும் திருத்து, பிழை அற்பமாகும் வரை சுற்றி வா. கணிப்பொறி வருவதற்கு முன் பொறியாளர்கள் தாளிலும் எழுதுகோலிலும் நகரங்களின் குடிநீரை இவ்வாறே சமன் செய்தனர்.

சமன் செய்த பின்னும் வேலை முடிவதில்லை. வடிகலனில் கசடு சேரும், குழாய்க்குள் பாசி படியும், பம்பு தேயும். ஒரு கிளை அடைபட்டால் அதன் பங்கு சத்தமின்றி மற்றவற்றுக்குப் போய்விடும். மொத்த நீர் ஏறத்தாழ அப்படியே இருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அந்தக் கிளையை நம்பியிருக்கும் உயிர் மட்டுமே அறியும். மாதம் ஒருமுறை குடுவையைப் பிடித்து அளப்பது அதற்காகத்தான்.

ஃப்ரான்டினஸிடம் அதிகாரமும் நேர்மையும் உழைப்பும் இருந்தன. அளவான வாய்க்குழல்கள் இருந்தன; முத்திரையும் சட்டமும் இருந்தன. ஆயினும் துளையை அளந்தாரே தவிர நீரை அளக்கவில்லை. ஒரே அளவுத் துளை கொடுத்துவிட்டோம், இனி எல்லோருக்கும் ஒரே அளவு நீர் என்று அமைந்துவிடும் எண்ணம் ரோமாபுரியோடு முடிந்துவிடவில்லை. நீதி வாயிலின் அகலத்தில் இல்லை. ஒவ்வொரு வாயிலும் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று குனிந்து பார்ப்பதில் இருக்கிறது. கடைமடையில் கையில் குடுவையோடு ஒருவர் நிற்க வேண்டும். அவர் சொல்லும் கணக்கைக் கொண்டுதான் தலைமடையின் வால்வைத் திருக வேண்டும்.